சின்னத்திரையின் கதை – 17: வெரிட்டி லாம்பர்ட் எடுத்த முடிவுகள்

1958 நவம்பர் 30, ஞாயிறு இரவு. மான்செஸ்டரின் டிட்ஸ்பரி பகுதியில் ஏபிசி நிறுவனத்தின் ஸ்டுடியோ. ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ வரிசையில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம் நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. குண்டு விழுந்து இடிந்துபோன லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் அகப்பட்டுக்கொண்ட சிலர் வெளியேற வழி தேடும் கதை. அதில் நடித்துக்கொண்டிருந்த கேரத் ஜோன்ஸுக்கு வயது 33. ஒரு காட்சியை முடித்துவிட்டு அடுத்த காட்சிக்காக மேக்கப் போட்டுக்கொண்டிருந்தவர் மாரடைப்பு வந்து சரிந்தார். உயிர் போய்விட்டது. வெளியே கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜோன்ஸ் பேச வேண்டிய வசனங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

இயக்குநர் டெட் கோட்செஃப் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தளத்துக்கு இறங்கினார். நடிகர்களைக் கூட்டிவைத்து, இறந்தவரின் வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கதையை எப்படிக் கரைசேர்ப்பது என்று அங்கேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எந்தக் கேமரா எதைக் காட்ட வேண்டும், எந்த நொடியில் எதற்கு மாற வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவிடும் பொறுப்பு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாரிப்பு உதவியாளரின் கைக்கு வந்தது. ஷாட் எண்களைக் கூப்பிடுவதும் நேரத்தைக் கணக்கு வைப்பதும்தான் அந்த உதவியாளரின் அன்றாட வேலை. கையில் இருந்த பிரதியோ இனி பாதி செல்லாது. ஆனாலும் நாடகம் கடைசிவரை போய் முடிந்தது.

அந்த உதவியாளருக்கு 23 வயது முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெயர் வெரிட்டி லாம்பர்ட்.

சென்ற வாரம் பிபிசியின் ஏகபோகம் உடைந்த கதையைப் பார்த்தோம். 1955 செப்டம்பரில் விளம்பர வருவாயை நம்பி ஐடிவி தொடங்கியது. ஊருக்கு ஒரு நிறுவனம் முளைத்தது. ஆள் போதாமல் கிடைத்தவர்களையெல்லாம் வேலைக்கு எடுத்தார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்தான் வெரிட்டியும். தொலைக்காட்சி வரலாற்றில் நடிகர்களைப் பற்றி எழுதுகிறோம், எழுத்தாளர்களைப் பற்றி எழுதுகிறோம், அரிதாக இயக்குநர்களைப் பற்றியும் எழுதுகிறோம். எந்தக் கதை எடுக்கப்படும், எது குப்பைக் கூடைக்குப் போகும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதுவதில்லை. பிரிட்டனில் அந்த நாற்காலியில் நீண்ட காலம் உட்கார்ந்து, அதைத் துணிவாகப் பயன்படுத்திய பெண் இவர். இந்த அத்தியாயம் முழுவதும் அவருக்கே.

1935 நவம்பர் 27-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கணக்காளர். ரோடீன் என்ற பெயர்பெற்ற பெண்கள் உறைவிடப் பள்ளியில் படித்து 16 வயதில் வெளியேறினார். பாரிசின் சோர்போனில் ஓராண்டு. பிறகு லண்டனில் ஒரு செயலர் பயிற்சிக் கல்லூரி, ஷார்ட்ஹேண்டும் தட்டச்சும். வசதியான வீட்டுப் பெண்களுக்கு அன்றைய இங்கிலாந்து வகுத்து வைத்திருந்த பாதை அதுதான்: கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் தட்டச்சு, பிறகு கல்யாணம். முதல் வேலை கென்சிங்டனில் ஒரு ஹோட்டலில் உணவுப் பட்டியல்களைத் தட்டச்சு செய்வது. பிரெஞ்சு தெரியும் என்பதால் கிடைத்த வேலை.

1956-ல் கிரனாடா தொலைக்காட்சியின் பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் செயலராகச் சேர்ந்தார். ஆறே மாதத்தில் வேலையை விட்டு நீக்கினார்கள். அடுத்து ஏபிசி. அங்கேயும் தட்டச்சு மேசைதான் ஆரம்பம். நாடகப் பிரிவுத் தலைவரின் செயலர், பிறகு தயாரிப்புச் செயலர், பிறகு தயாரிப்பு உதவியாளர். 1958-ல் அந்த நாடகப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் சிட்னி நியூமன் என்ற கனடாக்காரர். உழைப்பாளிகள் வீட்டு அடுப்படியையும் தெருவையும் நாடகத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். வெரிட்டியின் வாழ்க்கையைத் திருப்பப் போகிறவரும் அவர்தான்.

ஆனால் அது உடனே நடக்கவில்லை. வெரிட்டியின் ஆசை இயக்குநராவது. கட்டுப்பாட்டு அறையில் அத்தனை அனுபவம் இருந்தும் அந்த வாய்ப்பு வரவில்லை. 1961-ல் நியூயார்க் போய், டேவிட் சஸ்கைண்ட் என்ற தயாரிப்பாளரிடம் ஓராண்டு உதவியாளராக இருந்துவிட்டு வந்தார். சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டு அலைவரிசைகளுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தவர் சஸ்கைண்ட். கால் நூற்றாண்டு கழித்து வெரிட்டி தனக்கென நிறுவனம் தொடங்கியபோது அந்த ஓராண்டு அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். லண்டன் திரும்பியபோது ஏபிசியில் காத்திருந்தது பழைய உதவியாளர் நாற்காலி. இன்னும் ஒரு வருடம் பார்ப்பது, முன்னேற்றம் இல்லையென்றால் தொலைக்காட்சியை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்தார்.

அந்த ஒரு வருடத்துக்குள் நியூமன் பிபிசிக்குத் தாவினார். அங்கே நாடகப் பிரிவின் தலைவர். சனிக்கிழமை மாலையில் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் பாப் இசை நிகழ்ச்சிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும்படி, காலத்தில் பயணம் செய்யும் ஒரு கதையை அங்கே போட நினைத்தார். தயாரிப்பாளராக முதலில் வேறு இருவரை அணுகினார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். அப்போதுதான் ஏபிசியில் துருதுருவென்று எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. 1963 ஜூனில் வெரிட்டி பிபிசிக்குள் நுழைந்தார். தொடரின் பெயர் ‘டாக்டர் ஹூ’.

அவரை பிபிசியின் முதல் பெண் தயாரிப்பாளர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. நடப்புச் செய்தி அலசல்களை வளர்த்தெடுத்த கிரேஸ் விண்டம் கோல்டி அங்கே ஏற்கெனவே பெரிய அதிகாரி. குழந்தைகள் நிகழ்ச்சிப் பிரிவுக்கு ஃப்ரீடா லிங்ஸ்ட்ராம் 1950-களிலேயே தலைமை தாங்கியிருக்கிறார். பேச்சும் குழந்தைகளும் பெண்களுக்கு, பெரிய பட்ஜெட் நாடகம் ஆண்களுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை இருந்தது. 27 வயது வெரிட்டி அந்த வேலிக்குள் நுழைந்தார். நாடகப் பிரிவில் அன்று இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர்; வயதிலும் எல்லாருக்கும் இளையவர். இந்த வேலை இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று பின்னால் பேசியவர்கள் என்ன அர்த்தத்தில் பேசினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதல் கதையை இயக்க அமர்த்தப்பட்டவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்தவர், அப்போது வயது 24. அவர் அம்மா அத்தியா ஹொசைன், இந்திய ஆங்கில நாவல் வரலாற்றில் இடம்பெற்ற எழுத்தாளர். ஆக ஓர் இளம் யூதப் பெண்ணும் ஓர் இளம் இந்தியரும். வெள்ளை ஆண்கள் நிறைந்த கட்டடத்தில் இருவருமே வெளியாட்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது லைம் குரோவில் இருந்த ‘டி’ ஸ்டுடியோ: பழைய சினிமா ஸ்டுடியோ வளாகம், இடநெருக்கடி, விளக்குச் சூட்டில் வெந்து போகும் கூடம். ஒரு பகுதிக்குப் பட்ஜெட் சுமார் 2,300 பவுண்டு. வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால், ஒத்திகை பார்த்து ஏறக்குறைய நேரலை போலவே ஒரே மூச்சில் எடுத்து முடிக்க வேண்டும். டிட்ஸ்பரியில் கற்ற பாடம் இங்கே வெரிட்டிக்கு உதவாமலா இருந்திருக்கும்?

டாக்டராக நடிக்க வில்லியம் ஹார்ட்னல் வேண்டும் என்பது வெரிட்டியின் தேர்வு. படங்களில் அதட்டும் ராணுவ சார்ஜென்டாகவே பார்த்துச் சலித்த முகம் அது. அந்த ஆண்டு வந்த ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ படத்தில் அவர் நடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, கடுகடுப்புக்குள் கனிவும் வைத்திருக்கக்கூடிய கிழவர் இவர்தான் என்று பிடித்தார். ஹார்ட்னல் தயங்கினார். வெரிட்டியும் வாரிஸும் நேரில் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். முகப்பு இசையை ரான் கிரெய்னர் எழுதினார். பிபிசியின் ஒலிப் பட்டறையில் டீலியா டெர்பிஷைர் என்ற பெண், டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டி அதை ஒலியாக்கினார். இசைக்கருவியே இல்லாமல் எழுந்த அந்தச் சத்தம் இன்றும் அந்தத் தொடரின் அடையாளம்.

முதல் பகுதியைச் செப்டம்பர் கடைசியில் எடுத்து நியூமனுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் மிகவும் கொடியவராக இருக்கிறார், தொழில்நுட்பப் பிசகுகள் வேறு. முழுவதையும் மறுபடி எடுக்கச் சொன்னார். அக்டோபர் 18-ல் திரும்ப எடுத்தார்கள். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை அது ஒளிபரப்பானது. முதல் நாள்தான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பார்த்தவர்கள் 44 லட்சம் பேர் போல. போதாது என்று அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதல் பகுதியை மறுபடி போட்டார்கள்.

இனி வருவதுதான் வெரிட்டி யார் என்பதைக் காட்டும் இடம். இரண்டாவது கதைக்காக டெர்ரி நேஷன் ஒரு பிரதி கொடுத்திருந்தார். அணுப்போரில் சிதைந்த கிரகம், உருக்குலைந்துபோன ஓர் இனம் உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்து நகர்கிறது, பெயர் டாலெக். நேரடி மேலதிகாரி டொனால்ட் வில்சனுக்குப் பிரதி கொஞ்சமும் பிடிக்கவில்லை, எடுக்கவே வேண்டாம் என்றார். நியூமனோ விண்வெளிக் கதை என்றதும் முழி பிதுங்கிய பூதங்களைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கண்டித்துச் சொல்லியிருந்தார். பிபிசியில் வெரிட்டிக்கு அரை ஆண்டு அனுபவம்கூட இல்லை. தலைக்கு மேல் இருந்த இரண்டு பெரியவர்களும் வேண்டாம் என்கிறார்கள். அவர் சொன்ன பதில் எளிமையானது: கையில் தயாராக இருக்கும் பிரதி இது ஒன்றுதான். தவிர, இவை பூதங்கள் இல்லை. போரால் இப்படி ஆன உயிர்கள். எடுத்தார்.

டிசம்பர் 21-ல் ஒரு டாலெக்கின் கை மட்டும் திரையில் நீண்டது. அடுத்த வாரம் முழு உருவம். வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். சில வாரங்களில் பார்வையாளர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள். பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் டாலெக் குரலில் கத்திக்கொண்டு திரிந்தார்கள், பொம்மைகள் கடைக்கு வந்தன, 1965-ல் சினிமாவே வந்தது. இனி உன் வேலையில் தலையிட மாட்டேன், என்னைவிட உனக்கு இந்தத் தொடர் நன்றாகத் தெரிகிறது என்ற பொருளில் வில்சன் வெரிட்டியிடம் ஒப்புக்கொண்டார். டாலெக் வராமல் இருந்திருந்தால் ‘டாக்டர் ஹூ’ ஓரிரு பருவத்தில் நின்றிருக்கும் என்பதே என் கணிப்பு. அந்த ஒரு பிடிவாதத்தின் மேல்தான் அறுபது ஆண்டுத் தொடர் நிற்கிறது.

1965-ல் அவர் அதை விட்டு நகர்ந்தார். பிறகு பிபிசியில் ‘தி நியூகமர்ஸ்’, ‘ஆடம் ஆடமன்ட் லிவ்ஸ்’, சாமர்செட் மாம் சிறுகதைகளின் தொடர். அடுத்து லண்டன் வீக்கெண்ட் நிறுவனத்துக்குப் போய் ‘பட்ஜி’. இவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன். ஆனால் 1974-ஐத் தாண்ட முடியாது.

அந்த ஆண்டு பிபிசிக்காக அவர் தயாரித்த ‘ஷோல்டர் டு ஷோல்டர்’ ஆறு நாடகங்கள் கொண்ட வரிசை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களின் கதை. நடிகையும் பாடகியுமான ஜார்ஜியா பிரவுன், ஆவணப்பட இயக்குநர் மிட்ஜ் மெக்கன்ஸி, வெரிட்டி என்று மூன்று பெண்கள் சேர்ந்து உருவாக்கியது. எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் பாத்திரத்தில் ஷான் ஃபிலிப்ஸ். சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களின் தொண்டைக்குள் குழாயைச் செருகி உணவூட்டிய கொடுமையை மழுப்பாமல் காட்டினார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துபோன போராட்டம் அது. வீட்டுக் கூடத்தில் அதை உட்கார்ந்து பார்த்த பெண்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் போடும் வாக்குக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது முதன்முறையாகத் தெரிந்திருக்கும்! வெரிட்டியின் படைப்புகளில் எது சிறந்தது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே 1974-ல் தேம்ஸ் தொலைக்காட்சி அவரை நாடகப் பிரிவின் தலைவராக்கியது. வார நாட்களில் லண்டனுக்கு ஒளிபரப்பிய, ஐடிவி குடும்பத்தின் பெரிய நிறுவனம் தேம்ஸ். இதுவரை ஒரு தொடரின் பொறுப்பு; இனி ஒரு துறையின் பொறுப்பு. எழுத்தாளர்கள் நேராக அவர் மேசைக்கு வந்தார்கள். தயாரிப்பாளர்களை நியமிப்பதும் பணத்தைப் பங்கிடுவதும் அவர் வேலை.

பிலிப் மாக்கி ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு பல ஆண்டு அலைந்துகொண்டிருந்தார். குவென்டின் கிரிஸ்ப் என்பவரின் தன்வரலாறு. தன்பால் ஈர்ப்பு சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், உதட்டுச் சாயமும் சாயமேற்றிய தலைமுடியுமாக லண்டன் தெருவில் நடந்து, அடிபட்டு, அப்படியும் ஒளிந்துகொள்ள மறுத்த மனிதர் கிரிஸ்ப். கை வைக்க எல்லாரும் தயங்கிய பிரதியை வெரிட்டியின் துறை எடுத்தது. மேலே நிகழ்ச்சி இயக்குநராக ஜெரமி ஐசக்ஸ் இருந்தது பெரிய பலம். 1975 டிசம்பரில் ‘தி நேக்கட் சிவில் சர்வன்ட்’ ஒளிபரப்பானது. கிரிஸ்பாக நடித்த ஜான் ஹர்ட்டுக்கு பாஃப்டா விருது கிடைத்தது. கிரிஸ்பை நாடே அறிந்தது. சட்டம் 1967-லேயே மாறத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் மனம் மாறுவதற்கு இப்படி ஒரு நாடகம் வேண்டியிருந்தது.

1976-ல் ‘ராக் ஃபாலீஸ்’: மூன்று பெண்கள் சேர்ந்த ஒரு பாட்டுக் குழுவின் ஏற்ற இறக்கம். புதுமையானது, விருதும் பெற்றது. ஆனால் இதில் ஒரு கறை உண்டு, அதையும் எழுதியாக வேண்டும். உண்மையிலேயே அப்படியொரு குழுவை நடத்திவந்த மூன்று நடிகைகள் தங்கள் கருத்தை நம்பிக்கையின் பேரில் சொல்லியிருந்தார்கள். நிறுவனம் அவர்களை விட்டுவிட்டு வேறு நடிகைகளை வைத்து எடுத்துவிட்டது. அவர்கள் வழக்குப் போட்டு, 1980-களின் தொடக்கத்தில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தேம்ஸைத் தோற்கடித்தார்கள். வாய்மொழியாக, நம்பிச் சொன்ன கதைக் கருவுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதற்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தீர்ப்பு அது. வெரிட்டி தலைமை வகித்த துறையில் நடந்தது இது. பெண்களின் கதையைக் கொண்டாடிய தொடர், அந்தக் கதைக்குச் சொந்தக்காரப் பெண்களை வெளியே நிறுத்தியது என்பது அவருடைய பெரிய சாதனைகளுக்கு நடுவே உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தேம்ஸில் வந்த மற்றவை: ஜான் மார்ட்டிமர் எழுதிய ‘ரம்போல் ஆஃப் த பெய்லி’. காதலுக்காக அரியணையைத் துறந்த மன்னரைப் பற்றிய ‘எட்வர்ட் அண்ட் மிஸஸ் சிம்சன்’. இரண்டும் 1978.

தேம்ஸின் துணை நிறுவனம் யூஸ்டன் ஃபிலிம்ஸ். ஸ்டுடியோச் சுவர்களை விட்டு வெளியேறி, கையடக்கக் கேமராவோடு லண்டன் தெருக்களில் ஃபிலிமில் படம் பிடித்த கூட்டம் அது; போலீஸ், திருடன், துரத்தல் என்று ஆண் வாடை வீசும் கதைகளுக்குப் பேர்போனது. 1976-ல் அதுவும் வெரிட்டியின் மேற்பார்வைக்கு வந்தது. 1979-ல் அதன் தலைமை நிர்வாகியே ஆனார். அவர் காலத்தில்தான் ‘மைண்டர்’ பிறந்தது. தில்லுமுல்லு வியாபாரி ஆர்தர் டேலியாக ஜார்ஜ் கோல், அவருடைய அடியாளாக டென்னிஸ் வாட்டர்மேன். முதல் பருவத்தில் எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. நிறுத்திவிடுவது சுலபம், நிறுத்த விடாமல் வெரிட்டி அதன் பக்கம் நின்றார். 1994 வரை ஓடியது. கூட்டம் வர அவகாசம் கொடுப்பதும் நிர்வாகியின் வேலைதான். முதல் வாரத்து எண்ணிக்கையைப் பார்த்தே தலையெழுத்தை எழுதிவிடும் இன்றைய வழக்கத்தில் ஒரு ‘மைண்டர்’ பிழைத்திருக்காது.

1983-ல் ‘விடோஸ்’. லிண்டா லா பிளான்ட் என்ற நடிகை, போலீஸ் தொடர்களில் கிடைத்த வேடங்களில் சலித்துப்போய்த் தானே எழுத உட்கார்ந்தார். கொள்ளையில் செத்துப்போன கணவன்மார்கள் விட்டுச்சென்ற திட்டத்தை அவர்களின் விதவைகளே நிறைவேற்றும் கதை. எழுத்தாளராக முன் அனுபவமே இல்லாத அவரை நம்பி, யூஸ்டனில் வெரிட்டியும் அவருடன் பணியாற்றிய லிண்டா ஆக்ரனும் ஆறு பகுதிகளை ஒப்படைத்தார்கள். நாடே உட்கார்ந்து பார்த்தது. சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்த ஸ்டீவ் மெக்குயின் 2018-ல் அதையே ஹாலிவுட் படமாக எடுத்தார். லா பிளான்ட் பிறகு 1991-ல் எழுதிய ‘பிரைம் சஸ்பெக்ட்’, ஒரு பெண் காவல் அதிகாரியை மையத்தில் நிறுத்தி உலகெங்கும் போலீஸ் தொடர்களின் போக்கையே மாற்றியது. யூஸ்டனில் ஒரு கதவு திறந்ததால் நீண்ட சங்கிலி இது.

அடுத்த கட்டம் சறுக்கல். 1982 கடைசியில் தோர்ன் ஈஎம்ஐ நிறுவனம் அவரைத் திரைப்படத் தயாரிப்பு இயக்குநராக அழைத்தது. சினிமாவில் அந்த உயரத்தில் பெண்கள் மிக அரிது. ஆனால் மூன்று ஆண்டில் பெயர் சொல்லும் படங்கள் சிலவே வந்தன. டென்னிஸ் பாட்டர் எழுதிய ‘ட்ரீம்சைல்ட்’, ஜான் கிளீஸ் நடித்த ‘கிளாக்வைஸ்’ இரண்டையும் குறிப்பிடலாம். தொலைக்காட்சியில் தன் ஒரு சொல்லால் நகர்ந்த வேலை, சினிமாவில் கூட்டம் கூட்டமாகப் பேசியும் நகராததை அவர் சகித்துக்கொள்ளவில்லை. 1985-ல் வெளியேறிச் சொந்தமாக ‘சினிமா வெரிட்டி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது வயது ஏறக்குறைய 50.

நிறுவனத்தின் முதல் படம் ‘எ க்ரை இன் த டார்க்’. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் டிங்கோ நாய் குழந்தையைத் தூக்கிப்போக, தாயே கொன்றாள் என்று சிறைக்கு அனுப்பப்பட்ட பெண்ணின் உண்மைக் கதை. மெரில் ஸ்ட்ரீப் நடித்தது. 1990-ல் எடின்பரோ தொலைக்காட்சி விழாவில் மக்டாகர்ட் சொற்பொழிவாற்ற அழைத்தார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரிய மரியாதை. 1991-ல் சேனல் 4-க்காக ஆலன் பிளீஸ்டேல் எழுதிய ‘ஜிபிஎச்’: உள்ளூர் அரசியல் தலைவர் ஒருவரின் அதிகார வெறியும் சரிவும்.

1992-ல் பெரிய அடி விழுந்தது. ஸ்பெயினில் குடியேறிய ஐரோப்பியர்களைப் பற்றி வாரம் மூன்று நாள் ஒளிபரப்பாகும் ‘எல்டோராடோ’ என்ற நெடுந்தொடரை பிபிசி அவர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தெற்கு ஸ்பெயினின் மலைச்சரிவில் ஓர் ஊரையே கட்டினார்கள். அவசர அவசரமாகத் தொடங்கினார்கள். நடிப்பு அனுபவம் போதாதவர்கள், எதிரொலிக்கும் ஒலிப்பதிவு, புரியாத மொழிகளில் வசனங்கள். பத்திரிகைகள் பல மாதம் அடித்துத் துவைத்தன. குறைகளைச் சரிசெய்து, பார்வையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோதே பிபிசி 1-க்குப் புதிதாக வந்த தலைவர் ஆலன் யென்டாப் அதை நிறுத்த முடிவெடுத்தார். 1993 ஜூலையோடு முடிந்தது. மைண்டருக்கு வெரிட்டி கொடுத்த அவகாசம் வெரிட்டிக்குக் கிடைக்கவில்லை.

அத்தோடு ஓய்ந்து போகிறவர்கள் உண்டு. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த வெரிட்டி ஓயவில்லை. பெரிய அலுவலகம், பெரிய பட்டாளம் எதுவும் வேண்டாம் என்று தயாரிப்பாளர் வேலைக்கே திரும்பினார். டேவிட் ரென்விக் எழுதிய ‘ஜொனாதன் க்ரீக்’ என்ற துப்பறியும் தொடரை அதன் இரண்டாம் பருவத்திலிருந்து 2004 வரை தயாரித்தார். தலைமை நிர்வாகியாக இருந்தவர் இறங்கி வந்து ஒரு தொடரின் அன்றாடப் படப்பிடிப்பைக் கவனிப்பதை அவர் குறைவாக நினைக்கவில்லை. 2002-ல் ஓபிஇ பட்டமும் பாஃப்டாவின் சிறப்பு விருதும் வந்தன.

2007 நவம்பர் 22-ல் புற்றுநோயால் இறந்தார். ஐந்து நாளில் 72 வயது ஆகியிருக்கும். மறுநாள் ‘டாக்டர் ஹூ’வுக்கு 44 வயது. அடுத்த மாதம் ஒரு வாழ்நாள் சாதனை விருதை அவர் நேரில் பெறுவதாக இருந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் வந்த ‘டாக்டர் ஹூ’ சிறப்புப் பகுதி அவருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2013-ல், தொடரின் பொன்விழாவுக்காக அதன் பிறப்பைப் பற்றி மார்க் கேட்டிஸ் ஒரு நாடகம் எழுதினார். அதில் வெரிட்டியாக நடித்தவர் ஜெசிகா ரெய்ன்.

ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு மதிப்பில்லை என்று எண்ணி பிபிசி தன் பழைய பதிவுகளை 1960-களிலும் 70-களிலும் அழித்துத் தள்ளியது. வெரிட்டி தயாரித்து, பெரும்பகுதியை வாரிஸ் ஹுசைன் இயக்கிய ‘மார்கோ போலோ’ கதையின் ஏழு பகுதிகளில் ஒன்றுகூட பிபிசியின் கிடங்கில் இல்லை. ரசிகர்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து வைத்த ஒலி மிஞ்சியிருக்கிறது. நம் ஊர் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஒலிநாடாக்களையும் பிரதிகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்திடமாவது கொடுத்து வையுங்கள்.

அடுத்த வாரம் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறோம். 1962-ல் முன்னாள் கணவரின் பங்குகளை வாங்கி டெசிலு ஸ்டுடியோவைத் தானே நடத்தத் தொடங்கிய லூசில் பாலின் கதை.

(தொடரும்)